இரண்டு குரலும் கேட்க வேண்டும்

கயிற்றில் ஒரு துணிப்பை கூடுதலாகத் தொங்கியது.

மற்ற பைகளை அவள்தான் மாட்டினாள். எல்லாவற்றிலும் அவளுடைய அவசர முடிச்சு. இந்தப் பையின் வாய் மட்டும் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, பார்க்க லட்சணமாகக் கட்டப்பட்டிருந்தது. அப்படி முடிச்சுப் போடுகிறவள் அவளுடைய நாத்தனார் ஒருத்திதான். அந்த நாத்தனாரோ கீழே குவார்ட்டர்ஸில் காய்ச்சலோடு போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறாள்.

அந்தி மங்கி, ஓடைக்கு மேல் வானம் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. தண்ணீர் கல்லில் உரசும் சத்தம், ஈர மண் வாசனை, அதற்கு நடுவே வௌவால்களின் அந்தப் புழுங்கிய நெடி. எல்லாம் பழகினவைதான். கையுறையைச் சரிசெய்துகொண்டு அந்தப் பையைத் தொட்டாள். உள்ளே ஏதோ அசைந்தது. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் பை காலி. துணி மட்டும் கதகதப்பாக இருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காலிப் பையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

இந்த வேலையைத் தனியாகச் செய்யக் கூடாது. ஓடைக்குக் குறுக்கே தலைமுடியைவிட மெல்லிய நூலால் பின்னிய வலையைக் கட்டி, அதில் விழும் வௌவால்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டு, எடை பார்த்து, இறக்கையை அளந்து, உடனே பறக்கவிட வேண்டும். கடி வாங்கலாம், பாசியில் வழுக்கி மண்டையை உடைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இன்னொருத்தி இருந்தே ஆக வேண்டும். அதற்காகவே ஓர் ஏற்பாடு உண்டு. முகாம் அலுவலகத்திலிருந்து வயர்லெஸ் மாமா அவ்வப்போது கூப்பிடுவார். இருவரும் தனித்தனியாகத் தங்கள் குரலில் ‘நலம்’ சொல்ல வேண்டும். ஒரு குரல் குறைந்தால் ஆளை அனுப்பிவிடுவார்.

வௌவால் கணக்கெடுப்புக்கு வாங்கிய அனுமதிக்கு இன்று கடைசி நாள். இந்த மாலையை விட்டால் பருவம் முழுக்க அலைந்ததெல்லாம் வீண். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக மதியம் நாத்தனாருக்குக் காய்ச்சல் அடித்தது.

“தனியா போகாதீங்க அண்ணி. ஒரு நாள் போனா போகட்டும்,” என்று அவள் முனகினாள்.

கேட்கிற ஆளா இவள்? பிடித்தால் பிடித்த பிடி. பள்ளி விடுமுறைக்குத் தன்னோடு வந்திருந்த மகளை அத்தைக்குத் துணையாக உட்காரவைத்தாள். நாத்தனாரின் வாக்கிடாக்கியை அவள் தலைமாட்டில் வைத்து, “அத்தை எழுந்து கேட்டா இதைக் குடு கண்ணு, நீ விளையாடாதே,” என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். குவார்ட்டர்ஸ் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். சரிவின் அடியில் அதன் ஜன்னல் வெளிச்சம் தெரிந்துகொண்டே இருந்தது.

மாமாவின் முதல் அழைப்புக்குத் தன் குரலில் “நலம் மாமா” என்றாள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு, வார்த்தையைச் சற்று இழுத்து, நாத்தனார் மாதிரியே “நானும் நலம் மாமா” என்றாள். மகளைச் சிரிக்கவைக்க வீட்டில் அடிக்கடி செய்து காட்டுகிற குரல் அது.

“என்னம்மா, தொண்டைல தவளை பூந்துடுச்சா? தவளைக் கணக்கு போன வருஷமே முடிஞ்சுதே,” என்று மாமா சிரித்தார். நம்பிவிட்டார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்வானேன், நிம்மதியாகவும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பை.

இருட்டு இறங்கியது. நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடையின் வளைவில் கட்டியிருந்த இரண்டாவது வலையைப் பார்க்கப் போனாள். வலை விரிந்திருக்கவில்லை. அதை யாரோ சுருட்டி, நாடாவால் கட்டி, எந்த வௌவாலும் சிக்காதபடி பத்திரமாக மூடியிருந்தார்கள். பக்கத்தில் ஸ்பிரிட் வாசனை. வலையைத் தொட்ட கையைத் துடைத்துக்கொண்ட வாசனை. துடைத்து வெகுநேரம் ஆகியிருக்காது.

வேலை தெரிந்தவர் செய்த வேலை.

அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் முதல் வலை திறந்து கிடக்கிறது. பைகளில் உயிர்கள் துடிக்கின்றன. விட்டுப் போனால் விடிவதற்குள் எல்லாம் செத்துவிடும். அவள் திரும்பி நடந்து, பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். எடையும் பார்க்கவில்லை, அளக்கவும் இல்லை. வௌவால்கள் முகத்தில் காற்றடித்துவிட்டுப் பறந்து போயின. கடைசிப் பையை உதறும்போது வாக்கிடாக்கி கரகரத்தது.

“என்னம்மா, ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க?”

“நலம் மாமா,” என்றாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள்.

“நானும் நலம் மாமா.”

வாக்கிடாக்கியிலிருந்துதான் வந்தது. ஒரு கணம் அவளுக்கு உயிர் வந்தது. நாத்தனார் கண் விழித்திருக்கிறாள். அண்ணி மாட்டிக்கொள்ளக் கூடாதென்று படுக்கையிலிருந்தே கைகொடுக்கிறாள். என் தங்கமே என்று நினைத்தாள்.

பிறகு அந்தக் குரல் மறுபடி காதுக்குள் ஓடியது. காய்ச்சலில் கம்மிய குரல் இல்லை அது. மூக்கைப் பிடித்து, வார்த்தையை இழுத்து. நாத்தனாரின் குரலே இல்லை. இவள் செய்த குரல்.

“மாமா, அது அவ இல்ல. நான் தனியா வந்துட்டேன். ஆளை அனுப்புங்க.”

“என்னது? சரியா கேக்கலம்மா.”

“ஒண்ணுமில்ல மாமா. சும்மா கிண்டல் பண்ணேன்.”

இது அவளுடைய சொந்தக் குரல். அவள் வாய் மூடியிருந்தது.

“வேலை முடிஞ்சுது மாமா. ரெண்டு பேரும் இறங்கறோம். பாப்பா காத்துட்டு இருப்பா.”

“சரிம்மா. அப்ப நான் செட்டை அணைச்சுட்டுச் சாப்பிடப் போறேன். பார்த்து இறங்குங்க.”

பொத்தானை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே கத்தினாள். மாமா போய்விட்டார்.

ஓடையின் அக்கரையில் இரண்டு நெற்றி விளக்குகள் எரிந்தன. அவசரமே இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக, குவார்ட்டர்ஸுக்குப் போகும் பாதையில் இறங்கின. முன்னால் போனதன் நடை அவளுக்குத் தெரியும். இடது தோளைச் சற்றுத் தாழ்த்திய நடை. பெட்டி தூக்கித் தூக்கி அவளுக்கே வந்த நடை.

ஓடினாள். குறுக்கே வலை இருப்பதை மறந்து ஓடினாள்.

நூல் முகத்தில் அப்பியது. கழுத்தில், விரலிடுக்கில், சட்டைப் பொத்தானில். வாக்கிடாக்கி கைநழுவிப் புல்லில் விழுந்தது. சிக்கிய உயிர் எந்தப் பக்கமாக நுழைந்ததோ அந்தப் பக்கமாகவே நிதானமாக எடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கை கேட்கவில்லை. இழுக்க இழுக்க இறுகியது.

கீழே அந்த இரண்டு விளக்குகளும் வாசலை எட்டின. கதவு திறந்தது. வாசலில் வெளிச்சம். அதில் மகள். கையில் அத்தையின் வாக்கிடாக்கி, பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றாள்.

“அம்மா!” என்று புல்லிலிருந்து மகளின் குரல் வந்தது.

இவள் தொண்டை கிழியக் கத்தினாள். மகள் தலையைத் தூக்கிச் சரிவைப் பார்த்தாள்.

“மேல யாரோ கத்தறாங்கம்மா.”

“அது வௌவால் கண்ணு. உள்ள வா.”

இவளுடைய குரல். குழைவு உட்பட.

மகள் நகரவில்லை. அந்த உருவத்துக்குப் பின்னால் நின்ற இன்னொருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி அறைக்குள் கட்டிலைப் பார்த்தாள்.

“அத்தை உள்ள தூங்கறாங்களே. அப்ப இவங்க யாரும்மா?”

முன்னால் நின்றது குனிந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது. மற்றது அவர்களைத் தாண்டி, கட்டில் இருந்த பக்கமாக உள்ளே போனது. மகள் அந்தத் தோளுக்கு மேலாகச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தானை இன்னும் விடவில்லை. புல்லிலிருந்து அவள் மூச்சு வாங்குவது கேட்டது. அதற்கு மிக அருகில், அதே வேகத்தில், இன்னொரு மூச்சு.

கதவை உள்ளிருந்து சாத்தினார்கள்.