உள்ளிருந்து மூன்று தட்டு

காலியாகக் கிடந்த படகுக்குள்ளிருந்து யாரோ மூன்று முறை தட்டினார்கள்.

பாண்டித்துரை அப்போது படகின் வெளிப்புறத்தைச் சிறு சுத்தியலால் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தான். நல்ல ஃபைபர் கணீரென்று ஒலிக்கும். நீர் இறங்கி ஊறிய இடம் மொத்தென்று ஒலிக்கும். அப்படி ஒலித்த இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டபடியே பின்பக்கம் வந்தான். கையை எடுத்த பிறகும் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். அவன் யோசிக்கவில்லை. கை தானாகவே இரண்டு முறை திருப்பித் தட்டியது.

அது தொழில் பழக்கம். மேல்தளத்துக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஒருவன் படுத்துக்கொண்டு ரெசின் பசை பூசும்போது வாடை தலைக்கேறி மயங்கிவிடலாம். ஆகவே உள்ளே இருப்பவன் அவ்வப்போது மூன்று தட்ட வேண்டும். வெளியே இருப்பவன் இரண்டு தட்ட வேண்டும். 'இருக்கேன், பயப்படாதே' என்று அர்த்தம். இரண்டு தட்டியவன், உள்ளே இருப்பவன் வெளியே வரும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. சொந்த ஊரான தொண்டியில் படகு கட்டிய நாளிலிருந்து பாண்டித்துரை இந்த ஒழுங்கை மீறியதில்லை.

"பாய், உள்ள யாரும் இருக்காகளா?"

ஃபோர்மேன் முகம்மது ரிபாய் கீழக்கரைக்காரர். ஏர்கூலருக்கு முன்னால் சட்டையை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார். "எவன் இருப்பான்? வெயில்ல ஃபைபர் விரியுது தம்பி. அதான் சத்தம்."

தோஹா தொழில்பேட்டையின் அந்தக் கொட்டகைக்குப் படகு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எழுபதுகளில் அமெரிக்காவில் வார்த்தது. வெளியே விசிறி கிடையாது. வயிற்றடியில் உள்ள கம்பிவலை வழியாகக் கடலை உறிஞ்சி, பின்பக்கத் துளை வழியாகப் பீய்ச்சியடித்துப் பறக்கும் ஜெட் படகு. எண்ணெய்க் கம்பெனி இஞ்சினியர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்தாராம். அப்புறம் கைமாறிக் கைமாறி, அல்கோர் பக்கம் ஒரு பண்ணையில் தார்ப்பாய்க்கடியில் கிடந்திருக்கிறது. சிவப்புப் பூச்சில் கலந்திருந்த மினுக்குத் துகள்கள் இன்னும் மங்கவில்லை. பம்பைக் கழற்றிய துளையிலிருந்து மட்டும், எவ்வளவு கழுவியும், மூடிவைத்த ஈரத்துணியின் வாடை வந்துகொண்டேயிருந்தது.

வியாழக்கிழமைக்குள் தளத்தை மூடிவிட்டால் லீவு என்று முதலாளி அர்பாப் சொல்லியிருந்தார். மகள் பிறந்ததிலிருந்து பாண்டித்துரை அவளைப் போனில்தான் பார்த்திருக்கிறான்.

"உங்களக் கண்டு அழுவாள்னு நெனைக்காதீக," என்று மனைவி பானுப்பிரியா அன்று மாலை போனில் சிரித்தாள். "யாரு கை நீட்டுனாலும் போயிருவா. முகமெல்லாம் பாக்க மாட்டா."

மறுநாள் பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டு, பின்பக்கத் துளை வழியாக விளக்கை உள்ளே விட்டார்கள். ஃபைபர் தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. தளத்தின் நடுவில் மட்டும் ஆள் நீளத்துக்கு ஒரு கருமை. அதற்கு நேர்மேலே, முன்பு எவனோ சதுரமாக வெட்டித் திறந்து, திரும்ப மூடிய ஒட்டு இருந்தது. கண்ணாடியிழை விரிப்பான மேட்டை, இன்னொரு மேட்டின்மேல் நான்கு விரல் ஏற்றி ஒட்டும் முறை. தொண்டியில் பாண்டித்துரை கற்றதும் அதே முறைதான்.

"அமெரிக்காக்காரன் வேலை இல்ல பாய் இது. நம்ம பக்கத்து ஆளு."

"எந்த ஆளா இருந்தா என்ன? வெட்டு."

வெட்டினான். உள்ளே அடைத்திருந்த மஞ்சள் ஃபோமில் ஒரு குழி இருந்தது. தோள் பதிந்த இடம், மடக்கிய முழங்கால் பதிந்த இடம், தலை பதிந்த இடம். குழிக்குள் எதுவும் இல்லை. ஃபோம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

"எலி தின்னிருக்கும்," என்றார் ரிபாய்.

"ஆள் சைஸுக்கா பாய்?"

"கத்தார்ல எல்லாமே பெருசுடா." அவரே சிரித்தார். பாண்டித்துரைக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு தட்டியவன் நகரக் கூடாது. தட்டிய பிறகு, தான் தொழிலாளர் கேம்புக்குப் போய்த் தூங்கியதை அவன் நினைத்துக்கொண்டான். நகமில்லாத இடது கட்டைவிரலால் குழியின் ஓரத்தைத் தொட்டான். கிரைண்டர் நகத்தைக் கொண்டுபோன பிறகு அந்த விரலில் உணர்ச்சியே கிடையாது. அன்று அதில் சூடு தெரிந்தது. அப்போதுதான் யாரோ எழுந்து போன படுக்கையைப் போல.

வியாழக்கிழமை உச்சிவேளை. கோடை என்பதால் தெருவில் ஆளே இல்லை. மற்றவர்கள் கேம்புக்குப் போய்விட்டார்கள். பழைய ஃபோமையெல்லாம் சுரண்டி எடுத்தாயிற்று. பாண்டித்துரை சதுரத் திறப்பின் வழியாக இறங்கி, மல்லாக்கப் படுத்து, அடிக்கட்டைக்கு ரெசின் பூசிக்கொண்டிருந்தான். பாங்கு கேட்டது.

"வெளிய வாடா பாண்டி. தொழுதுட்டு, சாப்பாடும் வாங்கிட்டு வந்துர்றேன். தனியா உள்ள இருக்கக் கூடாது."

"ஒரே ஒரு மேட்டுதான் பாய். இந்தா, வந்துட்டேன். நீங்க போங்க."

செருப்புச் சத்தம் போயிற்று. ரோலரை உருட்டினான். ரெசின் சூடேறிக்கொண்டிருந்தது, கண் எரிந்தது, தொண்டை மரத்தது, வியர்வை காதுக்குள் இறங்கியது, தேன் நிற வெளிச்சம் மூச்சு விடுவதுபோல மெல்ல அசைந்தது. பழக்கம் விடவில்லை. மூன்று தட்டினான்.

வெளியே இரண்டு.

நல்லவேளை, பாய் போகவில்லை. மேட்டின் ஓரத்தை நீவி முடித்தான். திரும்ப மூன்று தட்டினான். இரண்டு. இந்த முறை தலைக்கு நேர்மேலே.

கால்பக்கம் இருந்த துளை வழியாகப் பார்த்தான். பாதி இறங்கிய ஷட்டர். வெள்ளை வெயில். தூரத்தில், தெருவைக் கடந்து, கையில் சாப்பாட்டுப் பையோடு ரிபாய் வந்துகொண்டிருந்தார்.

மேலே வெளிச்சம் மறைந்தது.

பலகை இறங்கியது. ஈர மேட்டு விழுந்தது. ரோலர். சளக். சளக். நான்கு விரல் ஏற்றி. பாண்டித்துரை கத்தினான். வாடைதான் உள்ளே போயிற்று. குரல் வரவில்லை. முதுகு தரையோடு ஒட்டியிருந்தது. ரெசின் இறுகிவிட்டது.

"அட, அதுக்குள்ள மூடிட்டியா? கெட்டிக்காரன்டா பாண்டி!" ரிபாயின் குரல். "டிக்கெட்டு வந்துருச்சு. நாளைக்கு ஃப்ளைட்டு. போய் மகளத் தூக்கிக் கொஞ்சு."

டொக். டொக். டொக்.

"உள்ள என்னடா சத்தம்?"

தலைக்கு மேலே, பிறந்ததிலிருந்து பாண்டித்துரை அறிந்த தொண்டிக் குரல் ஒன்று நிதானமாகச் சொன்னது: "வெயில்ல ஃபைபர் விரியுது பாய்."

காலடி பின்பக்கம் வந்தது. தூசி போகாதிருக்கத் துளையின்மேல் டேப்பை ஒட்டி ஒரு இடது கை அழுத்தியது. கட்டைவிரலில் நகம் இல்லை.

இருட்டு.

பிறகு, அன்போடு, இரண்டு தட்டு. செருப்புச் சத்தம் ஷட்டரைத் தாண்டிப் போயிற்று.