மூவர் சம்மதம்

காலை ஒன்பது மணிக்கு ரோஸ்லின் குப்பியை உறைபெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். சம்மதம் வாங்கிய பிறகே எடுக்க வேண்டும் என்பது விதி. முப்பத்தொன்பது நாளும் தினம் ஒரு குப்பிக்குச் சரி என்ற மூன்று வாரிசுகளும் இன்றும் சொல்வார்கள். அவர்கள் சண்டை போட்டு முடிப்பதற்குள் குப்பி உருகிச் சோதனைக்குத் தயாராகிவிடும்.

உள்ளே இருந்தது உடலுக்கு வலியை உணர்த்தும் வலியேற்பிப் புரதம். செல்லக்கனி என்பவரின் மரபணுவைப் பூச்சிச் செல்களில் புகுத்தி வளர்த்தது. உடலுரிமைச் சட்டத்தின்படி அது எங்கே வளர்ந்தாலும் செல்லக்கனியின் உடல்தான். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உடல் இப்போது மூன்று பிள்ளைகளுக்குச் சொந்தம். ஒவ்வொரு குப்பிக்கும் மூவரும் ஒரே நேரத்தில் திரையில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும்.

இதுதான் கடைசிக் குப்பி. புதிய மருந்து இதில் ஒட்டினால், மேல்மாடியில் வலியோடு கிடக்கும் பதினேழு பேருக்கு அடுத்த வாரமே கொடுக்கலாம். உருகியதை மறுபடி உறையவைத்தால் உதவாது.

"சரி," என்றார் மூத்தவர் பொன்னுலிங்கம், முகத்தில் சவர நுரையோடு.

"சரி. அடுப்புல வேலை கெடக்கு," என்றாள் தங்கை ஜெயக்கொடி.

இளையவன் சுயம்பு திரையை நெருங்கி உட்கார்ந்தான்.

"சார்?"

"நேத்து, இதுதான் கடைசின்னு சொன்னீங்கள்லா மேடம்?"

"ஆமா சார். இன்னையோட என் தொல்லை விட்டுது."

"அப்ப முடியாது."

"ஏலே, கிறுக்கு புடிச்சிருக்கா? சரின்னு சொல்லித் தொலை," என்று கத்தினார் பொன்னுலிங்கம்.

"நான் அண்ணன்கிட்ட பேசலன்னு சொல்லுங்க மேடம்."

"அவர் கேட்டுக்கிட்டுத்தான் சார் இருக்கார்!"

குப்பிக்குள் பனி கரைந்துவிட்டிருந்தது. ரோஸ்லின் பல்லைக் கடித்தாள்.

"மறுத்தா இது வீணாயிடும், புதுசா வளர்க்கணும் சார். அதுக்கு நீங்க மூணு பேரும் நேர்ல வந்து, ஒரே மேசையில உக்காந்து கையெழுத்துப் போடணும். மூணு மாசம் ஓடிடும்."

"தெரியும். அந்தத் தாளைப் படிச்சிட்டுத்தான் பேசுதேன்."

ஜெயக்கொடியின் கரண்டி நின்றது.

"அவங்களைப் பாக்கணும்னா வீட்டுக்குப் போங்களேன் சார்! இங்க பதினேழு பேர் கெடக்காங்க."

"ரெண்டு தடவ போனேன். கதவே தெறக்கல. நீங்க நோட்டீஸ் அனுப்புனா வந்துதான ஆகணும்."

பொன்னுலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

திரை சிவந்தது: மறுப்பு பதிவாகிவிட்டது. இனி அதை யாராலும் மாற்ற முடியாது. ரோஸ்லின் மூன்று நோட்டீஸ்களை அனுப்பிவிட்டு மாடியேறினாள்.

முதல் கட்டிலில் இருந்தவர் தலையைத் தூக்கினார். "ஒட்டிச்சாம்மா?"

"இல்லண்ணே. திறக்கவே விடல. குடும்பத் தகராறு."

"யாரு வீட்லம்மா?"

அவள் மற்ற பதினாறு கட்டில்களையும் ஒருமுறை பார்த்தாள். எல்லோரும் அந்தப் பெயருக்காகக் காத்து விழித்துத்தான் இருந்தார்கள்.