பதினேழும் பதினெட்டும்

"பதினெட்டாம் நம்பர், லூர்தம்மாள்... பதினோராயிரத்து நானூறு அடி!"

இசைவாணி உரக்க வாசித்ததும் வேப்பமரத்தடியில் நின்ற பெரியவர்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். லூர்தம்மாளுக்குக் காது மடல் சூடானது. நேற்று அவள் நடந்தது மைதானத்தில் ஒரே ஒரு சுற்று. அதுவும் இரண்டு தடவை உட்கார்ந்து, மூச்சு வாங்கி...

"நான் இம்புட்டு நடக்கலம்மா. மெஷின் பொய் சொல்லுது."

"மெஷின் பொய் சொல்லலைங்க... அதுல இருக்கறது என் காலு."

பின்னாலிருந்து வந்த குரலுக்குத் திரும்பினாள். உயரமான மனிதர். காலருக்குள் கைக்குட்டை. கையில் மெஷின் வைக்கும், பதினேழாம் நம்பர் போட்ட காலிப் பெட்டி.

2007 ஐப்பசி அது. அறுபதைத் தாண்டியவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கிறார்கள் என்று ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி. இசைவாணி அங்கே படிக்கும் பெண். மைதானத்துக்கு வருகிறவர்கள் இடுப்பில் தீப்பெட்டி அளவு மெஷின் ஒன்றை மாட்டிவிட்டாள். ஒவ்வோர் அடியையும் அது எண்ணும். பொத்தானை அழுத்தினால் நாள்வாரியாகக் காட்டும். ஏழு நாள் மாட்டியிருக்க வேண்டும். தண்ணீர் மட்டும் படக்கூடாது.

முதல் நாளே மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் மெஷினைக் கழற்றிக் கொட்டகை பெஞ்சில் வைத்தார்கள். மழை விட்டதும் கைக்கு வந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"நம்பரைப் பார்த்து எடுக்க மாட்டீங்களா?" என்றாள் லூர்தம்மாள். "நாலு பேர் முன்னாடி எனக்குக் கைதட்டு வாங்கிக் குடுத்துட்டீங்களே!"

"உங்க மெஷினைப் போட்டு நான் நடந்தேன். என் மெஷினைப் போட்டு நீங்க உக்காந்திருந்தீங்க. இப்ப என் பேர்ல வெறும் ரெண்டாயிரத்து நூறு. முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டரா இருந்தவன்... எனக்கு எம்புட்டு அவமானம்!"

சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள்... தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட குழந்தையின் கண்கள் மாதிரி இருந்தன. சிரித்துவிட்டாள்.

பெயர் ராயப்பராஜ். வீடு நாகல் நகரில். மனைவி இறந்து ஒன்பது வருடம். மகள் திருப்பூரில். இதையெல்லாம் அவள் கேட்கவில்லை. அடுத்த மூன்று காலைகளில், சுற்றுக்கு ஒன்றாக அவரே சொன்னார்.

அவளும் சொன்னாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம், காதில் மாட்டியதைக் கழற்றாமல் உட்கார்ந்த வேலை. அப்பா போனபிறகு தம்பி ஸ்டான்லியைப் படிக்கவைத்து, கல்யாணம் முடித்து... தனக்கு என்று நினைத்துப் பார்த்தபோது நாற்பத்தைந்து. மேட்டுப்பட்டியில் தம்பி வீட்டில்தான் இப்போதும். எந்தத் தெரு என்பதையும் சொன்னாள்.

பாதிச் சுற்று இருவரும் பேசாமல் நடப்பார்கள். அந்த மௌனம் அவளுக்குப் பிடித்திருந்தது.

"என்ன எக்ஸ்சேஞ்சம்மா, லைன் கட்டாயிடுச்சா?" என்பார் அவர்.

"இல்லைங்க. செத்த லைன் வேற. அந்தப் பக்கம் ஆளு பேசாம நிக்கிற லைன் வேற. காதுல வச்சாலே எனக்குத் தெரியும்."

அவர் அடியை அவளுக்காகச் சுருக்கிக்கொண்டார்... அதை அவள் கவனித்தாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஸ்டான்லி சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான்.

"அக்கா... கோயில்ல நாலு பேரு கேக்குறாங்க. எவரோடயோ கிரவுண்டுல சிரிச்சிக்கிட்டுச் சுத்துறியாமே? என் பொண்ணைப் பாக்க அடுத்த மாசம் வாராங்க. இந்த வயசுல இதெல்லாம்..."

அவன் முடிக்கவில்லை. முடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தான் சோறூட்டி வளர்த்த பிள்ளை வாக்கியத்தைப் பாதியில் விட்டதுதான் அவளைச் சுட்டது. "நாளையிலேருந்து போகல" என்றாள்.

ஆறாம் நாள் போகவில்லை. ஏழாம் நாளும். மெஷின் மட்டும் இடுப்பில் இருந்தது.

எட்டாம் நாள் மெஷினைத் திருப்பித் தரவேண்டும். கொடுத்ததும் வந்துவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினாள். இன்றோடு முடிந்தது... இனி மைதானத்துக்கு வரக் காரணமே இல்லை.

லேசான தூறல். கொட்டகையில் ராயப்பராஜ் நின்றிருந்தார். அவளைப் பார்த்தார். வணக்கம் மட்டும் சொன்னார்.

இசைவாணி அவருடைய மெஷினை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"அய்யா, மாறிப்போன முதல் நாளை விட்டா தினமும் பதினோராயிரம்தான். கடைசி ரெண்டு நாள் மட்டும் இருபதாயிரத்து முந்நூறு, இருபதாயிரத்து அறுநூறுன்னு இருக்கு! மெஷினை யாருகிட்டயாவது குடுத்தீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப எங்க போனீங்க? காரணம் எழுதணும். இல்லாட்டி ரெண்டு நாளையும் கோடு போட்டு அடிச்சிருவேன்."

தகரத்தில் தூறல் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"அடிச்சிரும்மா" என்றார் கடைசியில்.

லூர்தம்மாளுக்குத் தெரிந்தது. செத்த லைன் இல்லை இது... அந்தப் பக்கம் ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

வாயைத் திறந்தால் இன்று மத்தியானத்துக்குள் ஸ்டான்லி காதுக்குப் போய்விடும். திறக்காவிட்டால்? இன்னும் எத்தனை வருடம் அந்த வீட்டில் பாதி வாக்கியங்களைக் கேட்டுக்கொண்டு...

"அடிக்காத, இசைவாணி. மெஷின் சரியாத்தான் சொல்லுது. நாகல் நகர்லேருந்து எங்க தெரு வரைக்கும் வந்து திரும்பியிருக்காரு. ஒரு நாளைக்கு மூணு தடவை."

அவர் சடாரென்று நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படி..."

அவள் தன் மெஷினைக் கழற்றி நீட்டினாள். "என்னோடதையும் அழுத்திப் பாரும்மா."

"நாலாயிரத்து முந்நூறு... நாலாயிரத்து ஐந்நூறு..." இசைவாணி விழித்தாள். "ரெண்டு நாளா நீங்க இங்க வரவே இல்லையே அம்மா?"

"வரல. அடுப்படியிலேருந்து தெரு ஜன்னலுக்கு... திரும்ப அடுப்படிக்கு. இவரு வர்றாரான்னு."

சொல்லிவிட்டாள்! அறுபத்தொரு வயதில், ஒரு சின்னப் பெண் முன்னால்... முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இசைவாணி குனிந்து நோட்டில் ஏதோ தேட ஆரம்பித்தாள். அவள் உதட்டோரம் சிரிப்பு.

"ஆறு தடவை வந்தீங்க," என்றாள் லூர்தம்மாள், மழையைப் பார்த்தபடி. "ஒரு தடவை கேட்டைத் தட்டியிருக்கலாமில்ல?"

"கண்டக்டருங்க நான். இறங்கணும்னு நீங்க சொன்னாத்தானே விசில் அடிக்க முடியும்?"

"இப்பச் சொல்றேன்... அடிங்க."

ராயப்பராஜ் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துடைக்க ஈரம் போகவில்லை. அது மழையின் ஈரம் இல்லை.

"நீங்க வராத ரெண்டு நாளும்... இந்தக் கிரவுண்டு ரொம்பப் பெருசா இருந்துச்சு. என்னால தனியாச் சுத்த முடியலை, லூர்து."

யாரும் அவளை அப்படி அழைத்ததில்லை. அக்கா, மேடம், அம்மா... வெறும் லூர்து என்று யாருமே.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா ஸ்டான்லி வீட்டுலதான் இருப்பான்," என்றாள். "தெருவோட திரும்பிப் போகாம உள்ள வாங்க. அவன்கிட்ட நானே சொல்லுவேன். பக்கத்துல நீங்க நின்னாப் போதும்."

"நிக்கிறதுக்கு என்னங்க... முப்பத்தொரு வருஷம் நின்னவன்."

பெரிய பெட்டிக்குள் பதினேழையும் பதினெட்டையும் அடுத்தடுத்து வைத்து மூடினாள் இசைவாணி. இருவரும் தூறலில் இறங்கினார்கள்.

"மெதுவா வாங்க," என்றாள் லூர்தம்மாள். "என் காலுக்கு இம்புட்டுத்தான் வேகம்."

அவர் அடியைச் சுருக்கிக்கொண்டார்.