ஐந்தாவது சர்வரில் சும்மா இருப்பவர்

"சும்மாதானே இருக்கே?"

அன்று காலை அக்கா என்னிடம் கேட்டாள். அதில் குத்தல் இல்லை. புது வேலையில் அவளுக்கு அது முதல் வாரம். நிலவறையில் தனியாக உட்காரப் பிடிக்கவில்லை, துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி அதுதான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்ல எனக்குக் குரல் வராது. கண்ணெதிரே உட்கார்ந்திருந்தும் வரவில்லை என்று போட்டுவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

அது பாலங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் நிறுவனம். வரைபடங்களை வெளியார் கையில் கொடுக்க மனமில்லாமல் சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டர்களைத் தங்கள் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள். படியிறங்கினால் கனத்த கதவு. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே பல் கிட்டும் குளிர். ஜன்னல் கிடையாது. இரும்பு அலமாரியில் எட்டு சர்வர்கள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. சூடேறிய பிளாஸ்டிக் வாசனை. அதற்கடியில் மெல்லியதாக இன்னொரு வாசனை.

தலைவலித் தைலம்.

"உனக்குத் தலைவலியாக்கா?"

"இனிமேத்தான் வரும்," என்று சொல்லிக்கொண்டே மேஜையில் லேப்டாப்பைத் திறந்தாள். "இந்த எட்டையும் பிரிக்கணும். நாலு பேட்ச், நாலு இன்டராக்டிவ்."

"அப்படின்னா?"

"இன்டராக்டிவ்னா நீயும் நானும் பேசுற மாதிரி. கேட்டா உடனே பதில். பேட்ச்னா வேலையைக் கொடுத்துட்டுப் போயிடணும். அது வரிசையில நிக்கும். எல்லாம் முடிஞ்சப்புறம் பதில் மொத்தமா வரும்."

"அப்போ அம்மா இன்டராக்டிவ். அப்பா பேட்ச்."

அக்கா மேஜையைத் தட்டிச் சிரித்தாள். அப்பாவிடம் திங்கட்கிழமை கேட்டால் வெள்ளிக்கிழமைதான் வாய் திறப்பார்.

மேலேயிருந்து மானேஜர் போனில் அழைத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ஆறு மணிக்குக் கீழே வருவேன். எட்டும் பிரிஞ்சிருக்கணும். உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு அஞ்சாவதைத் தொடாமலே ஓடிட்டாங்க. நீங்களும் அப்படின்னா நாளைக்கு வர வேண்டாம்."

"முடிச்சிடுவேன் சார்."

ஐந்தாவதில் அப்படி என்ன என்று அக்கா லேப்டாப்பில் பார்த்தாள். 'ஆப்பரேட்டர்' என்ற பெயரில் யாரோ உள்ளே இருந்தார்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண். எத்தனை நிமிடமாக அந்த ஆள் ஒன்றும் செய்யாமல் இருக்கிறார் என்று அது காட்டுமாம்.

"சும்மா இருக்கற கணக்கு," என்றாள். "பத்து நிமிஷம் எதையும் தட்டலேன்னா தானா வெளியே தள்ளிடும். நான்தான் அப்படிப் போட்டிருக்கேன்."

எட்டு. ஒன்பது.

மறுபடி பூஜ்யம்.

"யாரோ ஒரு கீயைத் தட்டுறாங்க," என்றாள். "எங்கேருந்துன்னு பாரு." திரையில் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். "இந்த ரூம்லேருந்து."

ஐந்தாவது சர்வருக்குக் கீழே, இழுத்தால் வெளியே வரும் தட்டு ஒன்று இருந்தது. அக்கா இழுத்தாள். சின்னத் திரை, கீபோர்டு. தைல வாசனை முகத்தில் அடித்தது. நாங்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். கீபோர்டின் மீது எங்கள் கை இல்லை.

நீளமான கீ தானாக அமுங்கி எழுந்தது.

டக்.

அக்காவுக்குப் பயம் வந்தால் வாய் அதிகமாகும். "யாரா இருந்தாலும் சரி ராசா, இது பேட்ச் மெஷின். எழுந்து போ," என்று சொல்லிவிட்டு லேப்டாப்பில் அந்தப் பெயரை வெட்டினாள். பெயர் மறைந்தது. ஐந்தாவதின் இரைச்சல் மட்டும் அடங்கியது.

"பார்த்தியா? போயிட்டார்," என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை.

"அக்கா, டீ வாங்கிட்டு வரட்டுமா?"

விரல்கள் லேப்டாப்பின் மேல் அப்படியே இருந்தன. கண் திறந்திருந்தது.

"எப்போ கிளம்புவோம்?"

"உனக்குக் குளிருதா?" அதையும் நான்தான் கேட்டேன்.

"அக்கா, என்னைப் பாரு. நான் தெரியறேனா?"

அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். குளிர்ந்த மூட்டையைப் போல ஆடினாள். லேப்டாப் திரையைப் பார்த்தேன். ஐந்தாவதில் ஆப்பரேட்டர் மறுபடியும் உட்கார்ந்திருந்தார். கீழே, வரிசையில் காத்திருக்கும் வேலைகளின் பட்டியல். காலையில் அது காலியாக இருந்தது. இப்போது அதில் ஒரே ஒரு பெயர்.

வாலு.

வீட்டில் அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அதையே லாகின் பெயராக வைத்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து அவள் உதடு அசைந்தது.

"வேணாம். ஆறு மணிக்கு. ஆமா, ரொம்ப. தெரியற, ஆனா தூரத்துல."

நான் கேட்ட வரிசையிலேயே. மொத்தமாக.

கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பேன். ஆனால் ஓடினால் அந்த வரிசையில் அவளைத் தனியாக விட்டுப் போகவேண்டும். அப்போதுதான் தட்டிலிருந்த சின்னத் திரையில் எழுத்துகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றாக, கீ அமுங்க அமுங்க. ஆங்கில எழுத்தில் தமிழ்.

சும்மாதானே இருக்கே?

கொஞ்சம் இடைவெளி.

நீ வா. அவளை விடறேன்.

அந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் நான் பதில் சொன்னதில்லை.

"சும்மா இல்ல," என்றேன். "எங்க அக்காவுக்குத் துணைக்கு வந்திருக்கேன்."

கீபோர்டின் வயரைப் பிடித்து ஒரே இழுப்பு. கையோடு வந்தது. கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். இனி இவர் எதைத் தட்டுவார்? பத்து நிமிடம். அது அக்கா போட்ட சட்டம்.

ஒன்று. இரண்டு.

உள்ளங்கைக்குக் கீழே கீக்கள் அசைந்தன. முதலில் ஒன்று, பிறகு பல. மறுபக்கத்திலிருந்து யாரோ விரல் நுனிகளால் என் கையை முட்டித் தள்ளுவது போல. நான் அழுத்திக்கொண்டேன். பனிக்கட்டியைப் பிடித்தது போல எலும்பு வலித்தது. தைல வாசனை என் பிடரியில் மூச்சாக விழுந்தது.

ஐந்து.

அக்காவின் வாய் திறந்தது. குரல் அவளுடையதில்லை.

"கொடுத்துடு."

"மாட்டேன்."

"நான் இங்கதான் இருக்கேன். இருக்கேன்னு சொல்லணும்."

அந்தக் குரலில் ஒரு களைப்பு இருந்தது. எனக்குத் தெரிந்த களைப்புதான்.

"நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது," என்றேன். பல் அடித்துக்கொண்டது. "உட்கார்ந்திருந்தும் இல்லேன்னு எழுதினா எப்படி இருக்கும்னும் தெரியும். அதுக்காக எங்க அக்கா இடத்துல உட்காருவீங்களா? அவ உங்களை என்ன பண்ணினா? எழுந்திருங்க!"

அவ்வளவு சத்தமாக நான் வாழ்க்கையில் பேசியதில்லை. சர்வர்களின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

எட்டு. ஒன்பது.

கைக்குக் கீழே எல்லாக் கீக்களும் ஒரே நேரத்தில் துடித்தன. அழுதுகொண்டே அமுக்கினேன்.

பத்து.

ஆப்பரேட்டர் என்ற பெயர் அணைந்தது.

"ஏன்டி கீபோர்டைப் புடுங்கி மடியில வெச்சிருக்கே?" என்றாள் அக்கா.

"டீ வேணுமா?"

"வேணும்."

"உன் பேரு என்ன?"

"வாலு. என்னடி ஆச்சு உனக்கு?"

"ரெண்டும் ரெண்டும்?"

"அறை வாங்கப் போறே."

எல்லாம் உடனுக்குடன். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டேன். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தன் விரல்களைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டே மீதி வேலையை முடித்தாள். கீபோர்டைத் திரும்ப மாட்ட நான் விடவில்லை.

ஆறு மணிக்கு மானேஜர் வந்தார். வாசற்படியிலேயே நின்று கழுத்தை நீட்டி லேப்டாப்பைப் பார்த்தார்.

"அஞ்சாவது?"

"பேட்ச் சார். உள்ளே யாரும் இல்ல."

அவர் முகம் தெளிந்தது. அப்புறம்தான் உள்ளே வந்தார். "சபாஷ் மேடம். இது யாரு?"

"என் தங்கச்சி சார். சும்மா வந்தா."

"சும்மா வரல," என்றேன். அக்கா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். வெளியாட்களிடம் நான் பேசி அவள் கேட்டதே இல்லை. "சார், அஞ்சாவதுல தைலம் தடவிக்கிட்டு உட்கார்ந்து வேலை பார்த்தவரு யாரு? அவரு தலைவலிக்குதுன்னு சொன்னப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

"அவருதான் இங்கேயே செத்துப்போயிட்டாரே," என்றார் மானேஜர்.

மடியில் கீபோர்டு இருந்தது. வயர் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. என் இரண்டு கைகளையும் தூக்கி அவருக்குக் காட்டினேன்.

நீளமான கீ தானாக அமுங்கி எழுந்தது.

டக்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. பதிலுக்குக் காத்திருந்தேன். பின்பக்கமாகவே இரண்டடி நகர்ந்தார். கையால் தடவிக் கதவைத் திறந்தார். படியேறிப் போனார்.