வளைவில் வரும் கொள்ளைக்காரன்

முகத்தில் கறுப்புத் துணி கட்டிய ஒருவன் ஓடும் ரயிலில் தாவி ஏறி, வேறு யாரையும் பார்க்காமல் நேரே தன்னிடம் வந்து, மடியில் இருந்த சிவப்புப் பையைப் பிடித்து இழுத்தால் ஒரு பெண் என்னதான் செய்வாள்... குடையால் ஓங்கி ஒன்று போட்டாள்.

பெட்டியில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. பொழுதுபோக்குப் பூங்காவைச் சுற்றிவரும் குட்டி நீராவி ரயில் அது. நடுவழியில் கொள்ளைக்காரன் வருவது ஒரு நாடகம் என்பது அவளுக்கும் தெரியும். எத்தனையோ பூங்காக்களில் பார்த்தவள்தான். எங்கேயும் பயணிகளின் சாமான்களில் கை வைக்க மாட்டார்கள். பொம்மைத் துப்பாக்கியை ஆட்டிவிட்டு, சிரித்துவிட்டு, இறங்கிப் போய்விடுவார்கள். இவன் கை வைத்துவிட்டான்.

"யோவ், பையை விடுய்யா."

அவன் குனிந்து அவள் காதோரம் கிசுகிசுத்தான். "சூப்பரா பண்றீங்க. இன்னும் சத்தமா கத்துங்க... அடி மட்டும் கொஞ்சம் மெதுவா."

துணிக்கு மேலே அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. மழைத்துளி ஒன்று இமையில் தொங்கிக்கொண்டிருந்தது. திருடுகிறவனுக்கு இவ்வளவு சாதுவான கண்கள் இருக்கக் கூடாது என்று அவள் நினைத்தாள்... அந்த ஒரு நொடிதான். பிடி தளர்ந்தது. வளைவில் ரயில் நடைவேகத்துக்கு இறங்கியபோது அவன் பையோடு கீழே குதித்து, சிமெண்ட்டில் செய்த பாறைக்குப் பின்னால் ஓடி மறைந்தான்.

மறுபடியும் கைதட்டல்.

இன்ஜின் தண்ணீர் பிடிக்க நின்றதும் அவள் இறங்கி ஓடினாள். புகையும் வெந்நீர் வாசனையுமாக இருந்த இன்ஜினிலிருந்து ஒரு நடுவயதுப் பெண் எட்டிப் பார்த்தாள். கன்னத்தில் கரி, தலையில் கட்டிய துண்டு. அவள்தான் டிரைவர்.

"உங்க ஆளு என் பையைத் தூக்கிட்டுப் போய்ட்டான்."

"அவன் வேலையே அதானேம்மா."

"அது நாடகப் பை இல்ல. என் சொந்தப் பை."

டிரைவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டாவது பெட்டியின் ஜன்னலோரத்தில், பயணி மாதிரி, பூங்காவின் ஆள் ஒருத்தி சிவப்புப் பையோடு உட்கார்ந்திருப்பாள். கொள்ளைக்காரன் அதைப் பறிப்பான். பழைய பெண் வேலையை விட்டுவிட்டாள். புதியவள் இன்று வர வேண்டும்... வரவில்லை. "நீங்க அதே சீட்டு, அதே சிவப்பு. அவன் மேல தப்பு சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்க."

"முடியும்."

"அப்போ போய் நல்லாத் திட்டுங்க. என் அண்ணன் மகன்தான். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

பாறையின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஓர் அறை. பழைய பெஞ்ச், சுவரில் தொங்கும் தொப்பிகள், ஒரு டீ கெட்டில். அவன் துணியை அவிழ்த்துவிட்டு அவள் பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் அவளுடைய பிரஷ். முகத்தில் அப்படி ஒரு குழப்பம்.

"இது... நாடகப் பை இல்லையா?"

"நாடகப் பையில யாராவது பல் தேய்க்கிற பிரஷ் வைப்பாங்களா?"

"நானும் அதைத்தான் யோசிச்சுட்டு இருந்தேன். புதுசா வந்தவங்க ரொம்ப நுணுக்கமா நடிக்கிறாங்க போலன்னு..."

திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் பாதி அப்போதே கொட்டிப் போயிற்று. மீதியை அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் தலை குனிந்தே நின்றான். பிறகு அவள் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைத்தான். அவள் எப்போதும் திணித்து, முழங்காலால் அழுத்தி, பாதி ஜிப்போடு தூக்கிக்கொண்டு ஓடுகிற பை அது. இன்று முதல்முறையாக ஜிப் முழுதாக மூடியது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். கையில் வாக்கி டாக்கி, முகம் முழுக்கச் சிரிப்பு. "அந்தக் குடை அடி யாரோட ஐடியா? டிக்கெட் கவுண்டர்ல கூட்டம், அடி வாங்குற கொள்ளைக்காரனைப் பாக்கணுமாம்." விஷயம் தெரிந்ததும் சிரிப்பு உறைந்து, மன்னிப்பாக மாறி, கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு வேண்டுகோளாக வந்து நின்றது. இன்று ஒரு நாள் மட்டும்... அந்த சீட்டில்...

எப்படியும் நாள் முழுக்க அந்த ரயிலில்தான் அவள் இருந்தாக வேண்டும். அவளுடைய அண்ணன் நடத்தும் சுற்றுலா நிறுவனம், நீராவி ரயில் என்றால் உயிரை விடுகிற பெரியவர்களைப் பூங்கா பூங்காவாக அழைத்துப் போகும். அவர்களுக்கு முன்னால் போய் ரயிலில் சுற்றிப் பார்ப்பது அவள் வேலை. படி உயரமா, கரித்தூள் கண்ணில் விழுமா, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் இன்ஜின் தெரியும்... எல்லாம் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவாள். அண்ணன் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவான். அவள் படித்த வெளிநாட்டு நாவல்களில் எல்லாரும் ரயிலேறி எங்கேயோ போய்ச் சேர்வார்கள். இவள் ஏறுகிற ரயில்களோ ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும். அதனால்தானோ என்னவோ, இறங்கிய உடனே கால் அடுத்த ஊருக்குத் துடிக்கும்.

"இவரை அடிக்கலாம்னா எனக்கு ஓகே," என்றாள்.

"கொஞ்சம் மெதுவா," என்றான் அவன்.

நாடகப் பை ஒன்று அவள் கைக்கு வந்தது. அடுத்த சுற்றில் அவள் அதைப் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டியம்மாவிடம் ஒளித்துக் கொடுத்தாள். பாட்டியம்மா அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். கொள்ளைக்காரன் கைகூப்பி நின்ற பிறகுதான் எழுந்தார். அதற்கடுத்த சுற்றில் அவன் பையைத் தொடாமல், "எடுத்துக்கலாமாங்க?" என்று பணிவாகக் கேட்டான். "எதுக்கு?" என்றாள் அவள். "குடும்பக் கஷ்டம்ங்க." பெட்டியே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்... சிரித்தபோது அவன் பார்த்த பார்வை நாடகத்தில் இல்லாதது.

இன்ஜின் தண்ணீர் குடிக்கிற நேரமெல்லாம் அவர்கள் கடைசிப் பெட்டியின் படியில் உட்கார்ந்தார்கள். கூரையிலிருந்து மழை நூல் நூலாக விழுந்தது.

"மத்த ஊர் ரயிலெல்லாம் எப்படி இருக்கும்?"

"ஒண்ணு ஏரியை ஒட்டியே போகும். இன்னொண்ணு பிளாஸ்டிக் யானைங்க நடுவுல. ஒரு இடத்துல ஓடுறது டீசல்ல... மேல ஒரு டப்பா வெச்சு பொய்ப் புகை விடுறாங்க. அதுல வாசனை வேற."

"புகையில வாசனையா?"

"ரோஜா."

அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான். இந்த ஒரு ரயிலைத் தவிர வேறு எதிலும் ஏறியதில்லையாம். சின்ன வயதில் அத்தையோடு இன்ஜினிலேயே நின்று வளர்ந்தவன். டீ கிளாஸை இருவருக்கும் நடுவில் பலகையில் வைத்தான். டீ மெல்ல அலையடித்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரயில்தான் நிக்குதே, டீ ஏங்க ஆடுது?"

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய முழங்கால்தான். எங்கே உட்கார்ந்தாலும் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். வெட்கத்தோடு கையால் அழுத்திப் பிடித்தாள்.

"ஆடட்டும் விடுங்க," என்றான். "டீ நல்லா ஆறும்."

மாலைக்கு முன் போன் அடித்தது.

"பம்பரம், முடிஞ்சுதா? பெரியவங்களைக் கூட்டிட்டு வரலாமா?"

"வரலாம்ண்ணா. யாரும் சிவப்புப் பை மட்டும் கொண்டுவர வேணாம்."

"என்னது?"

"அப்புறம் சொல்றேன்."

"சரி, சாயங்கால பஸ்ஸை விட்டுறாத. காலையில நீ அடுத்த ஊர்ல இருக்கணும்."

போனை வைத்தபோது அவன் எதிரே நின்றிருந்தான். இரண்டு கையிலும் டீ.

"கிளம்புறீங்களா?"

"வேலை அப்படி." அவன் ஏதாவது சொல்வான் என்று காத்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் ஏதாவது...

"பரவாயில்லைங்க. நாளைக்குப் புது ஆள் வந்துருவாங்க." தோளைக் குலுக்கிச் சொன்னான். ஒன்றுமே இல்லாத மாதிரி.

சுருக்கென்றது. "ஆமா... உங்களுக்கு யார் உட்கார்ந்திருந்தா என்ன, பை சிவப்பா இருந்தா போதும்."

"உங்களுக்கும் எந்த ஊரா இருந்தா என்ன, ரயில் ஓடினா போதும்."

"ஒரே வட்டத்துல சுத்துறவங்களுக்கு அதெல்லாம் புரியாது."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மையானது என்று தெரிந்தது. அவன் கண்களில் எதுவோ அணைந்தது. டீயைப் பலகையில் வைத்துவிட்டு, கறுப்புத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனான்.

அவள் நாடகப் பையை மேனேஜரிடம் கொடுத்தாள். தன் பையை எடுத்துக்கொண்டாள். வாசல் வரைக்கும் போனாள். டிக்கெட் கிழிக்கிறவர், "கடைசி ரயில் கிளம்பப் போகுதும்மா," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவளிடம் இல்லை. ஆனாலும் அவள் திரும்பி நடந்தாள்... பிறகு ஓடினாள். மூச்சிரைக்க இரண்டாவது பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு மன்னிப்புதானே... கேட்டுவிட்டுப் போய்விடலாம். எப்படியும் வளைவில் அவன் வருவான். வந்துதானே ஆக வேண்டும்.

வளைவு வந்தது. ரயில் நடைவேகத்துக்கு இறங்கியது. குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள்.

அவன் வரவில்லை.

சிமெண்ட் பாறைக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றிருந்தான். அவளைப் பார்த்தான். அசையவில்லை. முன்னால் இன்ஜினிலிருந்து அத்தை விசிலை அடித்தாள். அதற்கும் அவன் அசையவில்லை. விசில் மறுபடியும் கோபமாக நீண்டது. அடுத்து பிரேக் கிறீச்சிட, ரயில் நின்றேவிட்டது.

அவள் இறங்கினாள். ஈரச் சரளைக்கற்களில் கால் வழுக்க, மழையில் அவனை நோக்கி நடந்தாள். "ஏன் வரலை..." என்று அவள் வாயைத் திறந்ததும் காதைப் பிளக்கிற மாதிரி ஓர் இரைச்சல். வளைவைத் தாண்டினால் மேடு. அதற்காக அடுப்பை முழுக்க மூட்டி வைத்திருந்தார்கள். நின்ற இன்ஜினில் நீராவி மிஞ்சிப் போய், அதை வெளியே விடுகிற வால்வு தானாகத் திறந்துகொண்டது. வெள்ளை ஆவி வானத்துக்குச் சீறியது.

"ஏன் வரலை?"

"என்னங்க?"

"ஏன்... வரலை..."

"அது உங்க சொந்தப் பை," என்று அவன் கத்தினான்.

"கேக்கலை."

அவன் துணியைக் கீழே இழுத்தான். இந்த இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது என்ற தைரியமோ என்னவோ, அடிவயிற்றிலிருந்து கத்தினான். "புது ஆள் வருவாங்கன்னு சும்மாதான் சொன்னேன். வரவே வேணாம்னு இருக்கு. காலையிலேர்ந்து இங்க நின்னு ஒவ்வொரு தடவையும் ரயில் எப்ப வரும் எப்ப வரும்னு... முன்னாடியெல்லாம் இப்படி இல்ல. போகாதீங்கன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு... ஆனா உங்களை எனக்கு ரொம்ப..."

வால்வு பட்டென்று மூடிக்கொண்டது.

"...பிடிச்சிருக்கு."

அந்த ஒரு சொல் மட்டும் நிசப்தத்தில், மழைக்கு நடுவே, ரயில் முழுவதற்கும் கேட்டது.

பிறகு முதல் பெட்டியில் யாரோ கைதட்ட, எல்லாப் பெட்டிகளும் சேர்ந்துகொண்டன. "இது புதுசா இருக்கே," என்றார் ஒரு பெரியவர். "போன வாரம் வந்தப்போ வெறும் கொள்ளைதான்."

அவன் காதுமடல் வரை சிவந்து போனான். துணியை மறுபடி மேலே இழுக்கப் போன கையை அவள் பிடித்து நிறுத்தினாள். பிடித்த பிறகு எப்படி விடுவதென்று தெரியவில்லை.

"நான் பேசினது தப்பு," என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா இன்னைக்கு நான் போயே ஆகணும். அண்ணன் என்னை நம்பி இருக்கான்."

"தெரியும்ங்க."

"தெரியாது. கேளுங்க." ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. "நான் ஒரு தடவை போன ஊருக்கு மறுபடி போனதே இல்ல. எந்த ஊருக்கும். திரும்பிப் போற மாதிரி எங்கேயும் எதையும் விட்டுட்டு வந்ததில்ல..."

"சரி."

"இங்கே விட்டுட்டுப் போறேன்."

அவன் பார்வை அவள் தோளில் இருந்த பைக்குப் போயிற்று.

"பையை இல்ல... மக்கு."

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் மழையில் நனைந்த அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்... அதை மறுபடி பார்ப்பதற்காகவே எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறி வரலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"எப்ப வருவீங்க?"

"பெரியவங்க வர்றதுக்கு முன்னாடி. ரயிலை இன்னொரு தடவை பாக்கணும்னு அண்ணன்கிட்ட சொல்லுவேன்."

"நம்புவாரா?"

"மாட்டான்."

ஜன்னல்களில் தலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நீண்டிருந்தன. "அந்தப் பொண்ணு என்ன சொன்னா? இங்கே ஒண்ணுமே கேக்கலையே," என்று ஒரு குரல் குறைப்பட்டது.

கரி படிந்த கையை இன்ஜின் பக்கவாட்டில் ஊன்றிக்கொண்டு அத்தை பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"அது உங்களுக்குச் சொன்னது இல்லைங்க," என்றாள். "எல்லாரும் உள்ளே உட்காருங்க. டேய், அவளைக் கையைப் பிடிச்சு ஏத்தி விடு... மேடு ஏறணும்."