கெளுத்தி மீனில் ஈயம்

"ஜாஸ்லின் தூண்டில் போட்டா கெளுத்தி வரிசையில நின்னு மாட்டும்" என்பாள் அடுத்த வீட்டுச் சந்தனச்செல்வி அக்கா. அக்காவுக்கு இது ஏழாம் மாதம். ஆற்று மீன் குழம்பைத் தவிர வேறு எதுவும் அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் ஜாஸ்லின் ஐந்து கெளுத்தி பிடித்து அக்காவிடம் கொடுத்தாள். மத்தியானம் பள்ளிக்கூடத்தில் நடந்த ஊர்க்கூட்டத்துக்கு ஓடினாள்.

போன மாதம் ஆற்று மீன்களைச் சோதிக்க எடுத்துப்போன கல்லூரி டீச்சர் இந்துமதி, முடிவைச் சொல்ல வந்திருந்தார்.

"மீன்ல ஈயம் அளவுக்கு மேல இருக்கு. கழுவினாலும் போகாது, கொதிக்க வச்சாலும் போகாது. சின்னப் பிள்ளைகளுக்கும் வயித்துப் பிள்ளைக்கும் ரொம்பக் கெடுதல்."



"ஆத்தோரத்துல யாராவது பழைய பேட்டரி உடைக்காங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

 துறைமுக லாரிகளின் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுப்பவர் ஜாஸ்லினின் அப்பா சுந்தர்சிங்தான். கழிவையெல்லாம் தன் கடைக்குப் பின்னாலுள்ள ஆற்றில்தான் கொட்டுவார்.

ஐயோ, அக்கா!

ஜாஸ்லின் எழுந்து ஓடினாள். அக்கா சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்துவிட்டாள்.

"அக்கா, திங்காதீங்க!"

"ஏன்ளா பறக்க? உனக்கும் ரெண்டு துண்டு வச்சிருக்கேன்."

"மீன்ல ஈயம் இருக்காம்க்கா! பிள்ளைக்கு ஆகாதாம்!"

கவளம் தட்டில் விழுந்தது. "மூணு மாசமா இதைத்தானளா தின்னேன்!" அக்காவின் கை வயிற்றைப் பொத்தியது.

"டீச்சர் ஸ்கூல்லதான் இருக்காங்க. போய்க் கேளுங்கக்கா. நான் இந்தா வாரேன்."

கடையில் அப்பா சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மீன்ல ஈயமாம். நம்ம கடையில இருந்துதாம்ப்பா போயிருக்கு."

"போளா! அழுக்குத் தண்ணிதான, ஆறு அடிச்சிட்டுப் போயிரும்."

"போகலப்பா. செல்வியக்கா வயித்துக்குப் போயிருக்கு."

சுத்தியல் கீழே விழுந்தது.  

"எனக்குத் தெரியாதுளா" என்றார் அப்பா.

"எனக்கும் தெரியாதுப்பா. நான்தான் மீனைப் பிடிச்சிக் கொடுத்தேன். வாங்க, போய்ச் சொல்லிருவோம்."

அப்பா கூட்டத்தின் நடுவில் போய் நின்றார். ஜாஸ்லின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் கொட்டினேன். இனிமே அந்த வேலையே கிடையாது" என்றார் அப்பா. சிலர் திட்டினார்கள். அவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சோதித்ததில், அக்காவின் ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் ஏறியிருந்தது. "நல்லவேளை, இப்பவே தெரிஞ்சிது. மாசாமாசம் பாத்துக்குவோம்" என்றார் டாக்டர். 'இங்கே மீன் பிடிக்காதீர்கள்' என்று ஜாஸ்லின் எழுதிய பலகை படித்துறையில் ஏறியது. ஈயம் படிந்த ஆற்றங்கரைச் சகதியை அள்ள ஆட்கள் வந்தபோது அப்பாதான் முதலில் கொட்டிய இடத்தைக் காட்டினார்.

தை மாதம் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, கொழுகொழுவென்று இருந்தது. பார்க்கப்போன அப்பா வாசலோடு நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, அங்கன என்ன நிக்கீங்க? உள்ள வாங்க" என்று குழந்தையை அவர் கையில் கொடுத்தாள் அக்கா.

அவர் குனிந்தபோது குழந்தையின் கையில் மீசை மாட்டியது; இறுகப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தது. "நல்லா இழு, தாயி" என்றார் அப்பா.