நம்பர் இல்லாத ஜெர்மன் துப்பாக்கி

கிள்ளானில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி மூன்று. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நின்றுகொண்டே வந்த எரிச்சலோடுதான் வீரசிங்கம் அந்தப் பழைய பலகை வீட்டுப் படியேறினார். முப்பது வருஷம் கோலாலம்பூர் துப்பாக்கிக் கடையில் பழுது பார்த்தவர். எந்தத் துப்பாக்கியையும் கையில் தூக்கிப் பார்த்தே அதன் ஊர், வயசு, விலை மூன்றையும் சொல்லிவிடுவார். அந்தப் பெருமையும் அவருக்குக் கொஞ்சம் உண்டு.

அவரை வரச் சொல்லியிருந்த சிவமலர், உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் விஷயத்துக்கு வந்தாள். பந்திங் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்த அவள் புருஷன் கந்தப்பு போன மாதம் இறந்துவிட்டார். அவருடைய ஜெர்மன் துப்பாக்கியைப் பார்க்க வந்த போலீஸ்காரர், லைசென்ஸில் இருக்கிற நம்பர் துப்பாக்கியில் எங்கே என்று கேட்டாராம். நாளைக் காலைக்குள் காட்டாவிட்டால், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்த கேஸ் அவள் தலையில்.

"துப்பாக்கி கேஸுன்னா சும்மாவா அங்கிள்? நான் உள்ள போயிருவேன்."

"பயப்படாதம்மா. ஜெர்மன்காரன் நம்பர் குத்தாம விடமாட்டான்லா. அடியில எங்கயாவது இருக்கும்."

லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். ஏழு இலக்கம்.

"அது அவரோட ஐசி நம்பர், அடையாளக் கார்டு நம்பர் அங்கிள்," என்றாள் மெதுவாக.

வீரசிங்கம் சிரித்தார். "ஆபீஸ்ல எழுதுற எவனோ கிராணி கட்டம் மாத்தி எழுதித் தொலைச்சிருக்கான்."

சாப்பாட்டு மேசையில் கிடந்தது துப்பாக்கி. இரட்டை விசை, அதைச் சுற்றி எருமைக் கொம்பில் வளையம். முதல் யுத்தத்துக்கு முந்தைய வேட்டைத் துப்பாக்கி, சந்தேகமே இல்லை. செய்தவன் பேர் மட்டும் இருந்தால் நல்ல விலை போகும். பேர் இல்லாததால் பாதிகூடத் தேறாது. எண்ணெய் வாடைக்குப் பதில் அதில் ஈரமண் வாடை அடித்தது.

திருகாணி இரண்டையும் கழற்றி, மரக்கட்டையிலிருந்து குழலைத் தூக்கினார். அடியில் ஒன்றுமே இல்லை. அராவி அழித்த தடம்கூட இல்லை. இப்படி மொட்டை இரும்பை அவர் ஆயுசில் பார்த்ததில்லை.

பழக்கதோஷம். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை உருவிவிட்டு, குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார்.

இருட்டு.

அடைப்பாக இருக்கும் என்று துணி சுற்றிய கம்பியை விட்டார். தடையில்லாமல் மறுபக்கம் வந்தது. திரும்பவும் கண்ணை வைத்தார்.

இப்போது வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்தின் நடுவில் ஒரு கண்.

அது இமைத்தது.

ஐயோ என்று குழலை மேசையில் போட்டார். ஜன்னலுக்கு வெளியே வெயிலும், கொடியில் இரண்டு சேலையும்தான் இருந்தன.

"பாத்துட்டீங்களா?" சிவமலரின் குரல் கிசுகிசுத்தது. "அவரும் பாத்தாரு. அதுக்கப்புறந்தான் நம்பரே வந்துச்சு. அவரு போனதும் அது தானா மறைஞ்சிருச்சு."

"முன்னாடியே சொல்லக் கூடாதா பாவி?"

"சொன்னா நீங்க பாத்திருக்க மாட்டீங்களே." அவள் அழுதாள். "எனக்கு அந்த நம்பர் வேணும் அங்கிள்."

வீரசிங்கம் குழலைப் புரட்டினார். மொட்டையாக இருந்த இடத்தில் கட்டை விரலுக்குச் சொரசொரப்பு தட்டுப்பட்டது.

ஏழு இலக்கம். புதிதாகக் குத்தியது.

"வந்திருச்சா? அவரோடதுதானே?"

அது கந்தப்புவின் நம்பர் இல்லை. வீரசிங்கத்தின் சட்டைப் பையில் இருந்த ஐசியின் நம்பர்.

"இல்லம்மா," என்றார். "நம்பர் இல்ல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "அவரும் மொதல்ல அப்படித்தான் சொன்னாரு," என்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ நாளைக்கு நான்..."

வீரசிங்கம் நம்பர் தெரியாதபடி குழலைக் கட்டைக்குள் வைத்து அழுத்தினார். இரண்டு திருகாணிகளையும் பலம் கொண்டமட்டும் முடுக்கிவிட்டுக் கையை எடுத்தார்.

முன்பக்கத்துத் திருகாணி, யாரும் தொடாமலே, மெல்லக் கழலும் பக்கமாகச் சுழல ஆரம்பித்தது.